கே.ஆர்.பி. அணைப் பூங்கா: பறவை பார்க்க ஏற்ற இடமா?

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் வழியில், தென்பெண்ணையின் குறுக்கே காமராசர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணையின் அடியில் உள்ள பூங்காவுக்குப் பெரும்பாலோர் வருவது நிழலுக்காகவும், குழந்தைகள் விளையாடுவதற்காகவும், அணையருகே சுடச்சுடப் பொரித்துத் தரும் மீனுக்காகவுமே. பறவை பார்க்கும் நோக்கத்துடன் வருபவர்கள் பூங்காவுக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அங்குள்ள மரங்களில் செம்மார்புக் குக்குறுவான், தேன்சிட்டு, தையல்சிட்டு, கரிச்சான் ஆகியவற்றைக் காணலாம் என்றாலும், இவை நம் ஊர்த் தோட்டங்களிலேயே எளிதில் தென்படுபவைதாம்.

உண்மையான காட்சி நீர்ப்பரப்பின் ஓரத்தில்தான் இருக்கிறது. அது எப்படி அமையும் என்பதையோ அணையின் நீர்மட்டமே முடிவு செய்கிறது. மொத்த உயரமான 52 அடியை நீர் நெருங்கியிருக்கும் நாட்களில் கரையோரம் ஆழமாகிவிடுவதால், மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும், மிதந்தபடியே அலகால் அள்ளும் கூழைக்கடாவும் மட்டுமே வசதியாக இரை தேட முடியும். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து மட்டம் இறங்கிச் சேறு வெளிப்பட்ட பிறகே உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் இறங்குகின்றன. முழங்கால் அளவு நீரில் அலகைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு நடந்து, மீன் தொட்டவுடன் சட்டென மூடிப் பிடிக்கும் மஞ்சள்மூக்கு நாரையின் வேட்டையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் இதுவே தருணம். வடகிழக்குப் பருவமழையில் அணை நிரம்பும் காலமும் வலசைப் பறவைகள் வரும் காலமும் ஒன்றாகவே அமைவதால், நவம்பரில் வந்து ஏமாற்றமடைவதைவிட, மட்டம் குறையத் தொடங்கியும் விருந்தாளிகள் திரும்பிச் செல்லாமலும் இருக்கும் ஜனவரி இறுதி முதல் மார்ச் முதல் பாதி வரையிலான நாட்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நீர்மட்டம் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் அடிக்கடி வெளிவருகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலையில் வருவதே சிறந்தது. வெயில் ஏறினால் நீர் பளபளத்து, தொலைவில் உள்ள பறவைகள் வெறும் கரிய உருவங்களாகிவிடும். நீர்ப்பரப்பு அகன்றது என்பதால் கைப்பேசிக் கேமராவை நம்பி வருவது வீண். 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட) இருகண்நோக்கி ஒன்று கட்டாயம் தேவை. அது இல்லாதவர்களுக்கும் ஆறுதலாக, அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்து, தலைகீழாக நீரில் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி பல வேளைகளில் கரைக்கு அருகிலேயே வேட்டையாடுகிறது.

குறைகளும் உண்டு. பெங்களூருப் பகுதியின் கழிவுகளைச் சுமந்து வரும் ஆறு இது. நீர் பச்சைப்பசேலென்று நிறம் மாறி நாறும் நாட்களில் கரையோரம் நிற்பதே சிரமம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலையும் ஆடிப்பெருக்கையும் பறவை பார்ப்பவர்கள் அடியோடு தவிர்த்துவிடலாம். கூட்டத்தின் இரைச்சலில் சேற்றுப் பறவைகள் எதிர்க்கரைக்குப் போய்விடுகின்றன. ஆனால் மீன் கழிவுக்காக வட்டமிடும் செம்பருந்துகளுக்குக் கூட்டம் ஒரு பொருட்டே அல்ல. அவற்றைப் படம் எடுக்க விரும்புபவர்கள் மட்டும் அந்நேரத்திலும் வரலாம், பொரித்த மீனைக் கையில் ஏந்தியபடி திறந்த வெளியில் நிற்காமல் இருந்தால் போதும்.