நிழலும் வாட்டமும் சரி, நாற்காலிதான் சரியில்லை

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் வீட்டில், சமையலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே சும்மா கிடந்த புழக்கடையை, மாலையில் உட்கார்ந்து பேசவும் விடுமுறை நாளில் அங்கேயே சாப்பிடவும் ஏற்றதாக மாற்றித் தரும் வேலையை உள்ளூர்த் தோட்ட அமைப்பு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தோம். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டதால், அவர்களுடைய வேலையைப் பற்றி இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. திட்டமிடுவதில் அவர்கள் தேர்ந்தவர்கள். பொருள் வாங்கித் தருவதில் அப்படிச் சொல்வதற்கில்லை.

இடத்தைப் பார்க்க வந்தவர் வண்ணப் படங்களை விரிக்காமல், பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, மழை நின்ற பிறகு தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கேட்டதே எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்களுடையது மேற்குப் பார்த்த கொல்லை. கோடை முழுவதும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே நிற்பதால் அந்த வெயிலை எந்தக் கூரையும் தடுத்துவிடும். மூன்று மணிக்குப் பிறகு சாய்ந்து வருகிற மேற்கு வெயில்தான் கூரைக்கு அடியில் புகுந்து ஆளை எழுப்பிவிடுகிறது. ஆகவே மேற்கில் மட்டும் கம்பிச் சட்டம் நிறுத்தி ரங்கூன் மல்லியை ஏற்றிவிட்டார்கள். கடற்காற்று வருகிற தென்கிழக்குப் பக்கத்தை அடைக்கவே கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார்கள். கொடி அடர்வதற்கு மாதங்கள் ஆகும் என்பதால், அதுவரை கட்டுவதற்கு நிழல் வலையும் கொடுத்தார்கள்.

கூரைக்குப் பாலிகார்பனேட் தகடு போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கோடையில் அதனடியில் உட்கார முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஜிஐ பைப் சட்டத்தின் மேல் மங்களூர் ஓடு வேய்ந்தார்கள். சாரலுக்காக இறவாணத்தை இரண்டடி நீட்டியும், காற்றோடு மழை அடித்தால் பாதித் தரை நனைகிறது. இதை முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஆக நல்ல வேலை தரையில்தான் நடந்தது. கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபை இரு முனையிலும் பிடிக்கச் சொல்லி மட்டம் குறித்து, தண்ணீர் வடிந்தோடப் பத்தடிக்கு ஒன்றே கால் அங்குலம் வீதம் வாட்டம், அதாவது சரிவு, எடுத்தார். கல் பதித்து முடிந்ததும் சமையலறை வாசலிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எங்கும் நிற்காமல் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் தேங்கவே, நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே அந்தக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்தார். கருங்கடப்பா வெயிலில் வெறுங்காலைப் பொசுக்கும், பாலிஷ் போட்ட கல் மழையில் வழுக்கும் என்பதால் பாலிஷ் இல்லாத தாண்டூர் கல்லையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். வழிந்தோடும் நீரைச் சாக்கடையில் விடாமல், வண்டல் தங்க ஒரு சிறு தொட்டி கட்டி, வீட்டில் ஏற்கெனவே இருந்த மழைநீர் சேகரிப்புக் குழியில் சேர்த்துவிட்டார்கள்.

இனி குறைகள். அவர்கள் மூலம் வாங்கிய பிளாஸ்டிக் பிரம்பு நாற்காலிகள் ஒரே கோடையில் வெளுத்து, கைப்பிடியில் விரிசல் விட்டன. மெத்தைகள் ஐப்பசியிலேயே பூஞ்சை பிடித்துவிட்டன. விலையோ கடையில் கேட்டதைவிட அதிகம். மதிலை ஒட்டி ஒன்றரை அடி உயரத்தில் அவர்களே கட்டிய சிமென்ட் திண்ணைதான் இன்றும் எல்லோரும் போட்டி போட்டு உட்காரும் இடம். அதையே இன்னும் நீளமாகக் கட்டச் சொல்லியிருந்தால் நாற்காலிச் செலவு மிஞ்சியிருக்கும். மின்வேலையிலும் கவனம் போதவில்லை. நனையக்கூடிய இடத்தில் பிளக் வைப்பவர்கள் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி பொருத்துவதைத் தாங்களாகவே செய்திருக்க வேண்டும். நாங்கள் வற்புறுத்திய பிறகே செய்தார்கள்.

கொசுவை விரட்டும் என்று சொல்லி விற்ற தொட்டிச் செடிகளால் ஒரு கொசுவும் ஓடியதாகத் தெரியவில்லை. வேகமான காற்றில் கொசுவால் பறக்க முடியாது என்பதால், ஒரு சாதாரண மின்விசிறியைத் தாழ வைத்துச் சுழலவிட்டதே பயன் தந்தது. தொட்டிகளுக்கு அடியில் அவர்கள் வைத்த தட்டுகளில் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டிவிடுவது அவசியம். இல்லையென்றால் டெங்கு பரப்பும் கொசுவை நாமே வளர்த்தவர்களாவோம்.

இதே போன்ற நிறுவனத்தை அமர்த்த நினைப்பவர்கள் வடிவமைப்பு, தரை, கூரை ஆகியவற்றுக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு, நாற்காலி, செடி, விளக்கு ஆகியவற்றைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். வேலையைக் கோடையில் முடிக்கச் சொல்லி, கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகே தருவதாக எழுதிக்கொள்வதும் நல்லது. எங்களிடம் அவர்கள் அதற்குத் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள்; கார்த்திகையில் வந்து நகர்ந்திருந்த இரண்டு ஓடுகளைச் சரிசெய்துவிட்டுத்தான் பணத்தை வாங்கிச் சென்றார்கள்.