எரோயிகாவைக் காது கொடுத்துக் கேட்க: கிளெம்பரரா, கராயனா, கார்டினரா?

பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனியான எரோயிகாவை முழுசாக, வேறு எந்த வேலையும் இல்லாமல், வரி வரியாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு முதலில் வரும் சிக்கல் எந்தப் பதிவைக் கேட்பது என்பதுதான். செயலியில் தேடினால் பட்டியல் முடியவே முடியாது. நான் மூன்று பதிவுகளை மாறி மாறிக் கேட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஜான் எலியட் கார்டினர். ஏன் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் பெரிது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இசைக்குழுவை நடத்தும் இந்த மூன்று பேரும் யார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஓட்டோ கிளெம்பரர் லண்டனின் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை வைத்து 1959-இல் செய்த ஸ்டீரியோ பதிவு. ஹெர்பர்ட் ஃபான் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு 1962-இல் செய்தது. கார்டினரின் பதிவு 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆர்கெஸ்டர் ரெவல்யூஷனேர் எ ரொமாந்திக் என்ற அவர் தொடங்கிய குழு பீத்தோவன் காலத்து வாத்தியங்களையும் அவற்றின் மாதிரியில் செய்தவற்றையும் வாசிக்கிறது. கிளெம்பரர் நிதானம், கராயன் பளபளப்பு, கார்டினர் வேகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான், அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒலித்தரத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். 1959 பதிவுகூட இன்றைய ஹெட்ஃபோனில் குறையில்லாமல் கேட்கிறது. மூன்றுமே இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான்கு பகுதிகள் கொண்ட இந்த சிம்பொனியில், முதல் பகுதியின் தொடக்கக் கட்டத்தை, அதாவது கருப்பொருள்களை எல்லாம் அறிமுகப்படுத்தும் சுமார் 150 பார்களை (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்), இரண்டாவது முறையும் வாசிக்கச் சொல்லி பீத்தோவன் குறி போட்டிருக்கிறார். கார்டினர் அதை வாசிக்கிறார். கிளெம்பரரும் கராயனும் இந்தப் பதிவுகளில் அதை விட்டுவிட்டு நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி விடுவது வழக்கம்தான், அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் தடவையாக இந்த சிம்பொனிக்குள் நுழைபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கச்சேரியில் பல்லவி வரி காதில் நன்றாக உட்கார்ந்த பிறகுதானே நிரவல் ருசிக்கிறது? இங்கேயும் அதே கதைதான்.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் குழுவும் சேர்ந்து இரண்டு அடி. உடனே வயலின் குடும்பத்தின் தாழ்ந்த குரலான செல்லோக்கள் மெதுவாக ஒரு வரியை எடுக்கின்றன. ஈ-ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்துப் பாடிப் பார்த்தால் அது வெறும் ச-க-ச-ப, அப்புறம் ச-க-ப. சங்கராபரணத்தின் எலும்புக்கூடு மட்டும். யார் வேண்டுமானாலும் முனகலாம். அதற்கடுத்து ஷட்ஜத்திலிருந்து காகலி நிஷாதம், அங்கிருந்து கைசிகி நிஷாதம் என்று ஏழாவது பாரில் சறுக்குகிறது. எளிய வரிக்குள் எங்கிருந்தோ வந்த ஸ்வரம் அது. முதல் வயலின்கள் மேலே பதற்றமாகத் துடிக்கின்றன. வரி அப்படியே காகலி நிஷாதத்துக்குத் திரும்பி ஏறி, ஷட்ஜத்தில் சேர்ந்து, ஒன்றுமே நடக்காதது போல மேலே போகிறது.

சுமார் 400 பார்கள் கழித்து அதே வரி திரும்பி வரும்போது, அதே கைசிகி நிஷாதம் வருகிறது, ஆனால் இந்த முறை மேலே ஏறவில்லை. கீழே தைவதத்துக்கு இறங்குகிறது. இறங்கியதும் இசை முற்றிலும் வேறு ஒரு சுருதிக்குள் திறந்துகொண்டு, பித்தளைக் குழல் வாத்தியமான ஹார்ன் தனியாக அந்த வரியை நிம்மதியாக வாசிக்கிறது. இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் முன்பு அந்த ஸ்வரம் மேலே ஏறியது என்பது நினைவில் இருந்தால்தான் இப்போது கீழே இறங்கியது உறைக்கும். தொடக்கக் கட்டத்தை இரண்டு தடவை கேட்டவருக்கு அது நினைவில் இருக்கும். ஒரு தடவை கேட்டவருக்கு இருக்குமா என்பது சந்தேகம்.

பீத்தோவனே இந்தத் திரும்ப வாசிக்கும் விஷயத்தில் தயங்கியிருக்கிறார். அவருடைய தம்பி கார்ல் 1805-இல் பதிப்பகத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தொடக்கக் கட்டத்தைத் திரும்ப வாசித்தால் நீளம் அதிகமாகிவிடும் என்று அண்ணன் முதலில் நினைத்தார், பல தடவை வாசிக்கக் கேட்ட பிறகு திரும்ப வாசிக்காவிட்டால்தான் கெடுகிறது என்று கண்டார் என்பது அதன் சாரம். நீளத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லாமல் இல்லை. வழக்கத்தைவிட நீண்ட சிம்பொனி என்பதால் இதை நிகழ்ச்சியின் கடைசியில் வைக்காமல் தொடக்கத்தை ஒட்டி வாசியுங்கள் என்று முதல் பதிப்பில் குறிப்பே போட்டிருக்கிறார். அவ்வளவு கவலையோடும் அந்தக் குறியை அவர் நீக்கவில்லை. எனக்கு இது போதும்.

அளவையும் பாருங்கள். தொடக்கக் கட்டம் சுமார் 150 பார். அதை உடைத்து, கலைத்து, மோதவிடும் நடுக்கட்டம் சுமார் 245 பார். அதுவரை வந்த சிம்பொனிகளில் இப்படி ஒரு நடுக்கட்டத்தை வியன்னா கேட்டதில்லை. கடைசியில் வரும் முடிப்பு மட்டும் ஏறக்குறைய 140 பார், அதாவது கிட்டத்தட்ட தொடக்கத்துக்குச் சமம். தொடக்கத்தை ஒரே முறை வாசித்தால், வீட்டைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே இடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

'நேரம் அதிகமாகுமே' என்று கேட்கலாம். ஆகாது. திரும்ப வாசித்தும் கார்டினருக்கு முதல் பகுதி 16 நிமிடத்துக்குள் முடிகிறது. வாசிக்காமலே கிளெம்பரர் 16 நிமிடத்தைத் தாண்டுகிறார். காரணம் வேகம். பீத்தோவன் 1817-இல் தன் சிம்பொனிகளுக்கு வேகத்தைக் குறிக்கும் மெட்ரோனோம் எண்களை வெளியிட்டபோது, இந்தப் பகுதிக்கு ஒரு பாருக்கு ஒரு விநாடி என்று கணக்கு கொடுத்தார். மொத்தம் 691 பார். திரும்ப வாசிப்பதையும் சேர்த்தால் 14 நிமிடம். கார்டினர்கூட அதைத் தொடவில்லை, ஆனால் பக்கத்தில் இருக்கிறார். அந்த வேகத்தில் பாருக்குள் இருக்கும் மூன்று அடிகளும் ஒரே வீச்சாகச் சேர்ந்துகொள்கின்றன. அப்போதுதான் பீத்தோவன் இடையிடையே வைக்கும் தாளம் தப்பிய அடிகள் உண்மையிலேயே காலை வாருகின்றன.

அடுத்தது வாத்தியங்கள். நடுக்கட்டத்தின் உச்சியில், 276-ஆவது பார் தொடங்கி, முழுக் குழுவும் ஒரே கூட்டு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. அதற்குள் அரை ஸ்வர இடைவெளியில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களான ஈயும் எஃப்பும் ஒன்றையொன்று உரசுகின்றன. உச்சத்தில் புல்லாங்குழல்கள் அந்த உரசலைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 1805-இல் வியன்னாவின் தியேட்டர் ஆன் டெர் வீன் அரங்கில் முதல் பொது அரங்கேற்றத்தைக் கேட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! கராயன் பதிவில் இங்கே கம்பி வாத்தியங்களின் பெருங்கூட்டம் எல்லாவற்றையும் போர்த்திவிடுகிறது. கம்பீரமாக இருக்கிறது, ஆனால் உரசல் தெரியவில்லை. கார்டினரிடம் குழு சிறியது, கம்பிகள் குடலால் ஆனவை, மரக்குழல்களுக்கும் பித்தளைக்கும் இடம் கிடைக்கிறது. காது கூசுகிறது. கூசத்தான் வேண்டும். அது அடங்கியதும் மரக்குழல் வகையான ஓபோக்கள் இதுவரை வராத ஒரு சோகமான புது வரியை எடுப்பது, அந்தக் கூச்சத்துக்குப் பிறகு வந்தால்தான் அர்த்தமாகிறது.

ஹார்ன் இடமும் அப்படித்தான். நடுக்கட்டம் முடியும் தருவாயில் எல்லாம் தேய்ந்து, வயலின்கள் மட்டும் பஞ்சமத்திலும் மத்யமத்திலும் மெலிதாக நடுங்கிக்கொண்டிருக்கும். அதற்குமேல் இரண்டாவது ஹார்ன் ஷட்ஜத்தில் நின்று ச-க-ச-ப என்று நான்கு பார் முன்னதாகவே நுழைந்துவிடுகிறது. முதல் ஒத்திகையில் பக்கத்தில் நின்றிருந்த சீடர் ஃபெர்டினாண்ட் ரீஸ், ஹார்ன்காரர் எண்ணத் தெரியாமல் தப்பாக நுழைந்துவிட்டார் என்று நினைத்துத் திட்டிவிட, பீத்தோவனிடம் அறை வாங்காமல் தப்பியதே பெரிது என்று எழுதி வைத்திருக்கிறார். தேர்ந்த இசைக்காரரே பிழை என்று நம்பிய இடம் அது. வால்வு இல்லாத பழைய ஹார்னில் அது கொஞ்சம் கரகரப்பாக, தூரத்திலிருந்து வருவது போல வருகிறது. ரீஸ் கேட்டது என்ன என்று புரிகிறது. கராயனின் ஹார்ன்காரர் மிக அழகாக வாசிக்கிறார், அதனாலேயே யாரும் திடுக்கிட மாட்டார்கள். இந்த இடத்தைப் பேருந்திலோ ரயிலிலோ கேட்காதீர்கள். முதல் இரண்டு அடிகளுக்கு ஒலி அளவைச் சரியாக வைத்துவிட்டு, பிறகு தொடாமல் இருந்தால் இது கேட்கும். மெல்லிய இடங்களில் ஏற்றி, பெரிய இடங்களில் இறக்கிக்கொண்டிருந்தால் பீத்தோவன் போட்ட மேடு பள்ளம் எல்லாம் சமதளமாகிவிடும்.

இப்போது கிளெம்பரருக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது பகுதி, சி மைனரில் வரும் இறுதி ஊர்வல நடை, அவரிடம் கிட்டத்தட்ட 17 நிமிடம். கார்டினரிடம் 13-ஐ ஒட்டி. பீத்தோவன் கொடுத்த எண்ணுக்கு நெருங்கியவர் கார்டினர்தான், அந்த வேகத்தில் உண்மையாகவே ஒரு ஊர்வலம் நடந்து போகலாம். தொடக்கத்தில் மிகத் தாழ்ந்த குரல் கம்பி வாத்தியமான டபுள் பாஸ்கள் துணி சுற்றிய முரசு போல உருட்டுவது அவரிடம் துல்லியமாகக் கேட்கிறது. இருந்தாலும் நடுவில் வரும் ஃபியூகில் (ஒரே வரியை ஒவ்வொரு குரலாகத் தொடர்ந்து எடுக்கும் இடம்) என் மனது கிளெம்பரரிடம் போய்விடுகிறது. குரல் மேல் குரலாக ஏறிக்கொண்டே போக, ஒவ்வொன்றும் முழு எடையோடு வந்து உட்காருகிறது. அவர் முதல் வயலின்களை இடது பக்கமும் இரண்டாம் வயலின்களை வலது பக்கமும் உட்கார வைப்பவர். அதனால் ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் சொல்வதற்கு மறு பக்கம் பதில் சொல்வது பிரிந்து கேட்கிறது. மரக்குழல்களையும் அவர் ஒருபோதும் அமுக்குவதில்லை. முதல் பகுதியில் அந்தக் குறியை மதித்திருந்தால் என் தேர்வு ஆட்டம் கண்டிருக்கும்.

கராயனைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வேகத்தில் கிளெம்பரரைவிட எத்தனையோ மேல், பரபரப்பு குறையவே இல்லை. ஒரு மாலையில் உட்கார்ந்து ரசிக்க அருமையான பதிவு. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க நினைப்பவருக்கு அந்த மினுமினுப்பு திரை போட்டுவிடுகிறது.

மூன்றாவது பகுதியில் மூன்று ஹார்ன்கள் சேர்ந்து வாசிக்கும் இடம் கார்டினரிடம் வேட்டைக்காட்டின் சத்தமாகவே வருகிறது, மற்ற இருவரிடமும் அது மேடைச் சத்தம்தான். கடைசிப் பகுதியில் மூவரும் நன்றாகவே செய்கிறார்கள். தன் புரொமீதியஸ் பாலே இசையிலிருந்து பீத்தோவன் எடுத்த ஒரு கருப்பொருள், முதலில் அதன் அடிக்குரல் மட்டும் தனியாக, பிறகு அதன்மேல் மெட்டு என்று வளர்கிறது. வேகம் தணிந்து ஹார்ன்கள் அதை உரக்கப் பாடும் இடத்தில் கிளெம்பரர், அதற்குப் பிறகு பாய்ந்து முடியும் இடத்தில் கார்டினர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒன்றைத்தான் வைத்துக்கொள்வேன் என்பவர் கார்டினரை வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கு இடம் இருந்தால் கிளெம்பரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குறைந்தபட்சம் அந்த இரண்டாவது பகுதிக்காக. பழைய வாத்தியங்களின் கரகரப்பு ஒத்துவராதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: நிக்கோலாஸ் ஆர்னன்கூர்ட் யூரோப்பின் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவோடு செய்த பதிவில் பெரும்பாலும் இன்றைய வாத்தியங்கள், ட்ரம்பெட் மட்டும் பழைய வகை. ஜோர்டி சவாலின் பதிவைப் பற்றியும் நண்பர்கள் உயர்வாகச் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் நான் அங்கங்கே மட்டும்தான் கேட்டிருக்கிறேன், மேலே சொன்ன மூன்றைப் போல வரி வரியாக இல்லை. அதனால் அவற்றை இந்த வரிசையில் எங்கேயும் வைக்கவில்லை. கேட்டுப் பார்க்கும்போது முதலில் தொடக்கக் கட்டம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்: மூன்றாவது நிமிட வாக்கில் செல்லோக்கள் மறுபடி அந்த ச-க-ச-ப-வை எடுத்தால், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.