152 பவுண்டு கொடுத்துவிட்டு நடந்து போனோம்: எவர்ட்டன் மேட்சுக்கு கோச் பஸ் புக் செய்கிறவர்கள் கவனத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இன்று வியாழன். நான்கு நாளாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. போனது 152 பவுண்டு, நம் ஊர்க் கணக்கில் 18,000 ரூபாய்க்குப் பக்கம். ஊரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை, "மாமாவுக்குத்தான் லிவர்பூல் தண்ணிபட்ட பாடாச்சே" என்று மச்சான் சாப்பாட்டு மேசையில் ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. பர்மிங்ஹாம், கவென்ட்ரி, லெஸ்டர் பக்கமிருந்து லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கிளப்பின் கால்பந்து மேட்சுக்குப் போகிற நம்மவர்கள் சிலர் இருக்கிறீர்கள். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்த்துச் செய்ய வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

மச்சான் சொன்னது உண்மைதான். நான் படித்தது லிவர்பூலில். வால்டனில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். எவர்ட்டனின் பழைய மைதானமான குடிசன் பார்க்கில் மேட்ச் என்றால் வீட்டிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம். இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே மூலையில் ஒரு தேவாலயம் நுழைந்து நிற்கும், அதைத் தாண்டினால் நுழைவாயில். 1892லிருந்து கிளப் அங்கேதான் இருந்தது. 2025 மே 18ஆம் தேதி சவுத்தாம்ப்டனோடு ஆடியதுதான் ஆண்கள் அணியின் கடைசி மேட்ச். இப்போது அது பெண்கள் அணியின் மைதானம்.

புது மைதானம் மெர்சி ஆற்றங்கரையில், பிராம்லி-மூர் டாக்கில். 1848இல் திறந்த கப்பல்துறையில் மணலைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் 52,000க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு எழுப்பியிருக்கிறார்கள். இந்தக் கரையோரக் கட்டுமானங்களைக் காரணம் காட்டித்தான் 2021இல் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே தூக்கியது. அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.

இங்கே பேச்சு போக்குவரத்தைப் பற்றி. 2025 பிப்ரவரியில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் அணியை வைத்துச் சோதனை மேட்ச் நடத்திய நாளிலிருந்தே ரசிகர்கள் வாயில் இதே பேச்சுதான். மைதானத்திலிருந்து அரை மணி நேரம் நடக்கிற தூரம் வரை தெருக்களில் மேட்ச் நாளன்று கண்டபடி வண்டி நிறுத்த முடியாது, பெர்மிட் வேண்டும். பக்கத்தில் இருக்கும் ரயில் நிலையம் சாண்ட்ஹில்ஸ் ஒன்றுதான். நிலையம் சின்னது, கூட்டமோ ஐம்பதாயிரம். மேட்ச் முடிந்ததும் வெளியே கம்பி கட்டி, வரிசையில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். ஒரு மணி நேரம் நின்றேன் என்று ஒருவர் சொல்வார், ஒன்றரை மணி என்று இன்னொருவர். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறோம், ஞாயிற்றுக்கிழமை வேறு, ரயில் குறைவாக ஓடும், மறுநாள் பள்ளிக்கூடம். அந்தப் பயத்தை வைத்துத்தான் என்னைப் பிடித்தார்கள்.

யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. மேட்ச் நாளில் பல ஊர்களிலிருந்து ரசிகர்களை ஏற்றிப் போக கோச் சீட்டு விற்கிற ஓர் இணையத்தளம். முகப்பிலேயே "சாண்ட்ஹில்ஸ் வரிசையை மறந்துவிடுங்கள்" என்று கொட்டை எழுத்து. பர்மிங்ஹாம் டிக்பெத்திலிருந்து போக வர ஓர் ஆளுக்கு 40 பவுண்டு. நான், மனைவி, பையன், மச்சான், ஆக நான்கு பேருக்கு 160. சிறுவருக்குச் சலுகை கிடையாது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

நம்பிக்கை வந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். தளத்தில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர் பேசியது அச்சு அசலான லிவர்பூல் இங்கிலீஷ். வால்டனில் என் வீட்டுக்காரர் பேசுவாரே, அதே இழுவை. பதினோரு வருடம் கழித்து அந்தப் பேச்சைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. குடிசனில் எந்த ஸ்டாண்டில் உட்காருவேன் என்று கேட்டார். சொன்னேன். தானும் அங்கேதான் என்றார். தன் தாத்தா அந்த டாக்கில் மூட்டை தூக்கியவர் என்றார். "பையனை வைத்துக்கொண்டு சாண்ட்ஹில்ஸில் போய் நிற்காதீர்கள், செவ்வாய்க்கிழமைதான் வீடு சேருவீர்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கார்டில் கட்டாமல் நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் எட்டு பவுண்டு குறைத்துக்கொள்கிறேன் என்றார். 160 ஆனது 152.

பணம் அனுப்பும்போது வங்கி ஆப் ஒரு சிவப்பு எச்சரிக்கை காட்டியது: நீங்கள் கொடுத்த பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் பொருந்தவில்லை. திரும்ப போன் போட்டேன். "அது வண்டி ஓட்டுகிற கம்பெனியின் கணக்கு, எல்லோருக்கும் அப்படித்தான் காட்டும்" என்றார். எச்சரிக்கையை ஒதுக்கித் தள்ளிவிட்டு அனுப்பினேன். மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, செவப்பா காட்டுது" என்றாள். எட்டு பவுண்டு மிச்சம் என்றேன். எட்டு பவுண்டு!

வண்டியே வராது என்று நினைக்காதீர்கள், வந்தது. அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். காலை ஒன்பதரைக்கு வரவேண்டியது பத்து இருபதுக்கு வந்தது. கோச் இல்லை, பதினாறு சீட்டு மினிபஸ். எங்களோடு சேர்த்து பதினைந்து பேர். கைத்தடியோடு எழுபது வயதுக்கு மேலே ஒரு பெரியவர், நீலச் சால்வை போட்டுக்கொண்டு முன் சீட்டில். மைதானத்துக்கு ஒரு பத்து நிமிட நடையில், கிடங்குகள் இருக்கிற ஒரு தெருமுனையில் இறக்கிவிட்ட டிரைவர், "நாலே முக்காலுக்கு இதே இடம்" என்று சொல்லிவிட்டு வேறெதுவும் பேசாமல் போய்விட்டார்.

மேட்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரணி கிரிஸ்டல் பாலஸ், பத்தொன்பது மேட்சாகத் தோற்காமல் வந்த அணி. அவர்களின் முனோஸ் முதல் கோல் போட்டார். பெனால்டியில் எங்கள் எண்டியாயே சமன் செய்தார். 93ஆவது நிமிடத்தில் எங்கள் கிரீலிஷ் வெற்றி கோல். என் பையன் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தோளில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தோடு வெளியே வந்தோம்.

நாலரைக்கே தெருமுனைக்குப் போய்விட்டோம். நாலே முக்கால் ஆனது. ஐந்து ஆனது. ஆற்றுக்காற்று சும்மா சீவித் தள்ளுகிறது. போன் இரண்டு முறை மணி அடித்தது, அப்புறம் கட். அடுத்த முறை நேராகக் குரல்பதிவுக்குப் போனது. சாட்டில் "உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரம் பதில் சொன்னது. ஐந்து இருபதுக்கு மறுபடி அதே வாக்கியம். பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கைத்தடிப் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "வண்டி வராது. நடங்கள்."

நடந்தோம். லிவர்பூலின் பெரிய ரயில் நிலையமான லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வரை, பையன் நடைக்கு ஈடுகொடுத்து, முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தெருவில் பாதிக் கூட்டம் எங்களைப் போல ஊருக்குள் நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு, வழியில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு. சமதரை, நேர் வழி. எந்த வரிசைக்குப் பயந்து 152 பவுண்டு கட்டினேனோ, அந்த வரிசையில் நிற்கவே தேவையில்லை. பெரியவரை மட்டும் டாக்ஸி பிடித்து ஏற்றிவிட்டோம். ஸ்டேஷனில் அந்த நேரத்து விலைக்கு நான்கு டிக்கெட், அது இன்னொரு நூற்றுச் சொச்சம். அதைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் எரியும், விடுங்கள்.

அப்புறம் ஆரம்பித்தது தட்டிக்கழிக்கும் படலம்.

திங்கட்கிழமை வந்த பதில்: டிரைவர் நாலேகாலிலிருந்து நாலரை வரை காத்திருந்தார், பயணிகள் யாரும் வரவில்லை. நாலே முக்காலுக்கு என்று சொல்லிவிட்டு நாலரைக்கே கிளம்பினாராம்! மேட்ச் முடிந்ததே நாலு மணிக்கு. பதினைந்து பேரில் ஒருவர்கூட வராமலா போவோம்?

அன்று மாலை இன்னொரு பதில், வேறு ஆள்: மைதானத்தைச் சுற்றிச் சாலைகளை அடைத்துவிட்டார்கள், எனவே வண்டி வர முடியவில்லை, விதிமுறைகளில் இது இருக்கிறது. மேட்ச் நாளில் அங்கே சாலை அடைப்பது உண்மைதான், முன்கூட்டியே அறிவித்துத்தான் அடைக்கிறார்கள். அது தெரியாமலா கோச் விடுகிறேன் என்று காசு வாங்கினார்கள்? அதோடு, டிரைவர் வந்து காத்திருந்தார் என்று முதல் பதிலில் சொன்ன கதை என்ன ஆயிற்று?

செவ்வாய்க்கிழமை: நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, வண்டிக்காரரைத் தொடர்புகொள்ளுங்கள். வண்டிக்காரர் யார் என்று கேட்டேன். தனியுரிமை காரணமாகச் சொல்ல இயலாதாம். போனில் பேசினாரே, தாத்தா மூட்டை தூக்கியவர், அவரைக் கூப்பிடுங்கள் என்று பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் வேலை செய்யவில்லை என்றார்கள். இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில், அடுத்த மேட்சுக்கு 20 சதவீதம் தள்ளுபடியாம். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வங்கியையும் கேட்டேன். நாமே கையால் அனுப்பிய பணத்தை மோசடிக்காரன் அடித்தால் வங்கி திருப்பித் தரவேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. ஆனால் வண்டி காலையில் வந்துவிட்டதே! பாதிச் சேவை கிடைத்துவிட்டது, எனவே இது மோசடி அல்ல, வியாபாரத் தகராறு, அந்த விதி இதற்குப் பொருந்தாது என்றார் வங்கியில் பேசிய பெண். மரியாதையாகத்தான் பேசினார். கூடவே, பெயர் பொருந்தவில்லை என்று ஆப் காட்டியதே, பார்த்தீர்களா என்றும் கேட்டார். பார்த்தேன், அம்மா, பார்த்தேன். காலையில் அந்த மினிபஸ் எதற்கு வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, விரிவாகச் சொல்கிறேன் என்று மேலே சொன்னதற்கு, அலுவலகத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்டில் மட்டும் கட்டுங்கள், பிரச்சினை வந்தால் வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று ஆப் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். காசுக்கு ஆள் ஏற்றும் இந்த மாதிரி வண்டிகளின் முன்கண்ணாடியில் ஓர் உரிமச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், வட்டமாக, யார் நடத்துகிறார் என்ற பெயரோடு. ஏறும் முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. நடக்க முடிந்தவர்கள் லைம் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே போங்கள்.

இன்னொன்று. சிறு வழக்கு மன்றத்தில் போட 35 பவுண்டு கட்டணம், கட்டத் தயார். ஆனால் யார்மேல் போடுவது? தளத்தில் முகவரி இல்லை, வண்டிக்காரர் பெயர் இல்லை. என் கையில் இருப்பது ஒரு கணக்கு எண் மட்டும். அன்று டிக்பெத்தில் ஏறிய மற்ற பதினொரு பேரில் யாராவது, அல்லது அவர்களைத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பின்சீட்டில் சிவப்புத் தலைமுடியோடு இருந்த இளைஞர் காலையில் இறங்கும்போது வண்டியோடு சேர்த்து செல்ஃபி எடுத்தார். அதில் நம்பர் பிளேட் விழுந்திருந்தால் போதும்.