லினக்ஸில் விளையாட: இம்யூட்டபிள் டிஸ்ட்ரோவா, வழக்கமான டிஸ்ட்ரோவா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, அம்பாசமுத்திரத்தில் பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகனுடைய கணினியை என்ன செய்வது என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. அதில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5 பிராசஸர் என்பதால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஆனால் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் உள்ள அந்தக் கணினியைக் கழித்துக்கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடலாம் என்று சொன்னது நான்தான். பாளையங்கோட்டையில் என் கணினியில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த வழக்கமான டிஸ்ட்ரோவையே (லினக்ஸின் பல வடிவங்களில் ஒன்று) அவனுக்கும் நிறுவிக் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்குள் அதை எடுத்துவிட்டு பஸ்ஸைட் என்ற இம்யூட்டபிள், அதாவது அடிப்படை அமைப்பை மாற்ற முடியாத, டிஸ்ட்ரோவைப் போட நேர்ந்தது. அந்த அனுபவத்தை வைத்தே இரண்டையும் ஒப்பிடுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

வழக்கமான டிஸ்ட்ரோவில், அது உபுண்டுவாகட்டும், ஃபெடோராவாகட்டும், ஆர்ச் ஆகட்டும், கணினியின் அடிப்படைக் கோப்புகள் நூற்றுக்கணக்கான தனித்தனிப் பொதிகளாக (பேக்கேஜ்) இருக்கும். அப்டேட் செய்யும்போது, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் மேலேயே அவை ஒவ்வொன்றாக மாற்றி எழுதப்படும். இம்யூட்டபிள் டிஸ்ட்ரோவில் அடிப்படை அமைப்பு முழுவதும் ஒரே இமேஜாக, அதாவது ஒரே முழுத் தொகுப்பாக, வருகிறது. அது வாசிக்க மட்டுமே திறந்திருக்கும், பயனரோ நிரல்களோ அதில் எழுத முடியாது. நம்முடைய கோப்புகளும் அமைப்புகளும் விளையாட்டுகளும் தனி இடத்தில் இருக்கும். 2022-இல் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியுடன் வந்த ஸ்டீம்ஓஎஸ் 3 இந்த வகைதான். ஃபெடோராவின் ‘அட்டாமிக்’ வகை இம்யூட்டபிள் டிஸ்ட்ரோக்களை அடிப்படையாகக் கொண்ட பஸ்ஸைட், அதே வசதியைச் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது.

வேகத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. இரண்டிலும் அதே லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதே டிரைவர்கள், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்க 2018-இல் வால்வ் வெளியிட்ட அதே புரோட்டான். நான் விளையாடிப் பார்த்த அளவில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் லினக்ஸில் ஓடாத விளையாட்டுகள் இரண்டிலும் ஓடாது. அப்படிப்பட்ட வாலரண்ட் விளையாட்டு வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது.

என்னை மாற்றியது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, அப்டேட்டின் நடுவே மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற ஒரே விஷயம்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு மாலையில் மருமகன் போன் செய்தான். “மாமா, அப்டேட் ஓடிட்டு இருக்கும்போதே கரண்டு போயிட்டு. இப்ப போட்டா ஒண்ணுமே வரமாட்டுக்கு” என்றான். திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். கறுப்புத் திரையின் இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். புதிய கர்னல் நிறுவப்பட்டுவிட்டது, அதற்கு ஏற்றபடி கிராபிக்ஸ் கார்டை இயக்கும் என்விடியா மாட்யூல் உருவாகி முடிவதற்குள் மின்சாரம் போய்விட்டது என்பதைப் பிறகு கண்டறிந்தேன். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறக்கும் வழியைப் போனிலேயே சொல்லிக் கொடுத்து, பாதியில் நின்ற பொதிகளைச் சரிசெய்யும் கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொல்லி, ஒன்றரை மணி நேரம் போராடினோம். வழிக்கு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இதில் டிஸ்ட்ரோவை உருவாக்கியவர்கள் மீது தவறு எதுவும் இல்லை. பொதி பொதியாக மாற்றி எழுதும் முறையில் பாதி பழையது, பாதி புதியது என்ற நிலை ஒன்று இடையில் இருந்தே தீரும். மின்சாரம் சரியாக அந்த நிமிடத்தில் போனது, அவ்வளவுதான்.

இம்யூட்டபிள் டிஸ்ட்ரோவில் அந்த இடைநிலையே கிடையாது என்பதுதான் என் வாதம். புதிய இமேஜ் இறங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடாமல், வட்டில் வேறோர் இடத்தில் அது முழுமையாகத் தயாராகிறது. எல்லாம் முடிந்த பிறகு, அடுத்த முறை கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கடைசியில் மாற்றப்படுகிறது. அதற்கு முன் எப்போது மின்சாரம் போனாலும், மீண்டும் கணினியைப் போடும்போது பழைய அமைப்பு அப்படியே வந்து நிற்கும். புதியதில் ஏதேனும் கோளாறு இருந்தாலும், பழையது அழிக்கப்படாமல், கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் இரண்டாவது வரியாகக் காத்திருக்கும். இரண்டு அமைப்புகள் இருப்பதால் வட்டில் இரு மடங்கு இடம் போய்விடும் என்று நானும் முதலில் தயங்கினேன். பஸ்ஸைட்டில் இரண்டுக்கும் பொதுவான கோப்புகள் ஒரே ஒரு முறைதான் சேமிக்கப்படுகின்றன என்பதால் அந்தக் கவலை தேவையற்றது.

என்விடியா டிரைவர் இமேஜுக்குள்ளேயே கர்னலுடன் பொருத்தப்பட்டு வருவது இன்னொரு நிம்மதி. அந்த மாட்யூலை மருமகனின் கணினி தானே உருவாக்க வேண்டிய வேலை இப்போது இல்லை. மார்கழியில் ஒரு நாள் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தபோது மீண்டும் மின்சாரம் போயிருக்கிறது. அவன் அதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. பொங்கலுக்குப் போனபோது நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பூட் மெனு எப்போதும் தெரியும்படி அமைத்து, “கோளாறு வந்தால் இரண்டாவது வரி” என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரின் அடியில் ஒட்டியிருக்கிறேன். இதுவரை அது தேவைப்படவில்லை.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அக்கா வீட்டில் இருப்பது விளக்குக்கும் மின்விசிறிக்கும் போடப்பட்டது. மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த நொடியிலேயே மேசைக் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. தனியாக யுபிஎஸ் வாங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். மடிக்கணினிக்காரர்களுக்குப் பேட்டரியே காவல் என்பதால், அவர்களிடம் என் வாதம் பாதி வலுவை இழக்கும்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஸ்னாப்ஷாட் (அமைப்பின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து வைத்தால் வழக்கமான டிஸ்ட்ரோவிலும் பின்னோக்கிப் போக முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓபன்சூசே டம்பிள்வீடு என்ற டிஸ்ட்ரோ அதை நிறுவும்போதே அமைத்துத் தருகிறது. என் கணினியை நானே பார்த்துக்கொள்வதற்கு அது போதும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, லினக்ஸ் தெரியாத ஒருவரிடம் இருக்கும் கணினி என்றால், உடைந்த பிறகு சரிசெய்யும் வழியைவிட உடையாமல் இருக்கும் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

குறைகளும் உண்டு. மென்பொருள்களைப் பெரும்பாலும் ஃபிளாட்பேக்காகத்தான், அதாவது அடிப்படை அமைப்பைத் தொடாத தனித் தொகுப்பாகத்தான், நிறுவ வேண்டும். விளையாட்டுகளை வாங்கி நிறுவும் ஸ்டீம் இமேஜிலேயே வந்துவிடுவதால் விளையாட்டுக்கு அது தடையாகவில்லை. ஆனால் அக்காவின் பழைய பிரிண்டருக்கான டிரைவரை அடிப்படை அமைப்பின் மேல் தனி அடுக்காகச் சேர்க்க வேண்டியிருந்தது. வழக்கமான டிஸ்ட்ரோவில் ஒரு நிமிடத்தில் முடியும் அந்த வேலைக்கு இங்கே ரீஸ்டார்ட் வரை தேவைப்பட்டது. இத்தகைய அடுக்குகள் ஒவ்வோர் அப்டேட்டின்போதும் மீண்டும் பொருத்தப்படும் என்பதால், அவை கூடக் கூட அப்டேட் மெதுவாகும், சில நேரம் முரண்பட்டு நின்றும் போகும். ஒன்றிரண்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். கர்னலுக்கு வெளியே இருந்து தனி மாட்யூல் கேட்கும் ஸ்டியரிங் வீல் போன்ற கருவிகளை நான் பயன்படுத்தியதில்லை. அத்தகையவை வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான டிஸ்ட்ரோவே எளிதாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

லினக்ஸைக் கற்றுக்கொள்ளவும் வழக்கமானதே நல்லது. பாடங்களில் வரும் நிறுவல் கட்டளைகளை அப்படியே தட்டினால் பஸ்ஸைட்டில் வேலை செய்யாது. மருமகன் கல்லூரிக்குப் போய் நிரல் எழுதத் தொடங்கும்போது, டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற கருவியின் மூலம் உள்ளேயே ஓர் உபுண்டுவை அமைத்துக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

நிறுவுவதற்கு முன் டேட்டாவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிறுவல் கோப்பே பல ஜிபி இருக்கும், பிறகு வரும் அப்டேட்டுகளும் வழக்கமான டிஸ்ட்ரோவினுடையதைவிடப் பெரியவை. நாளுக்கு 1.5 ஜிபி தரும் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில், தானாக இறங்கும் அப்டேட்டை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக்குக் கணினியை எடுத்துப் போய்ச் செய்துகொள்ளுங்கள்.