ஸ்டீயரிங் லாக் எமுலேட்டர் ஆன்லைனில் வாங்கப் போறீங்களா? 18,500 ரூபாய் போனவன் எழுதுறேன்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பத்துப் பன்னிரண்டு வருசப் பழைய ஜெர்மன் செடான் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். சாவியைப் போட்டால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, ஸ்டீயரிங் அசைய மாட்டேன் என்கிறது, அதற்கு ஆன்லைனில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி விற்கிறார்கள், மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போய்விட்டது. பணத்தோடு போன மற்றதையும் கீழே சொல்கிறேன். நேற்று ராத்திரிதான் அதை விற்ற தளத்துக்காரர்களுடைய கடைசி பதில் வந்தது. தூக்கம் வரவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை. போர்வெல் மோட்டாரிலிருந்து மிக்ஸி ஆர்மேச்சர் வரைக்கும் காயில் கட்டுகிறவன். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, என் சண்டை வண்டியோடு இல்லை.

இந்த வகை வண்டியில் சாவி என்பது பல்லு வைத்த இரும்புச் சாவி கிடையாது. பிளாஸ்டிக் கட்டை ஒன்றை ஸ்லாட்டில் செருக வேண்டும். இக்னிஷன் சுவிட்ச் அதைப் படித்துப் பார்த்து, நம்ம சாவிதான் என்று தெரிந்ததும் ஸ்டீயரிங் லாக்குக்குக் கட்டளை அனுப்பும். லாக்குக்குள் ஒரு சின்ன டிசி மோட்டார் இருக்கிறது. அது ஸ்ர்ர் என்று ஓடி, ஸ்டீயரிங் தண்டில் போய் உட்கார்ந்திருக்கும் பின்னைப் பின்னால் இழுக்கும். திறந்தாச்சு என்று லாக் பதில் சொன்னால்தான் சுவிட்ச் அடுத்த வேலைக்குப் போகும். பதில் வரவில்லை என்றால் அவ்வளவுதான். பேட்டரி புதுசாக இருந்தாலும் டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தச் சின்ன மோட்டார்தான். பிரஷ் தேய்ந்து, அது உரசிக் கரண்டு கொடுக்கிற கம்யூட்டேட்டர் கருத்து, ஏதோ ஒரு இடத்தில் வந்து நின்றால் அங்கே கரண்டு பிடிக்காது. அதனால்தான் ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே லேசாகத் தட்டினால் சில நேரம் வேலை செய்யும். எனக்கும் முதலில் அப்படித்தான் ஓடியது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் லாக்கையே மாற்ற வேண்டும், திருட்டுக்குச் சம்பந்தமான பார்ட் என்பதால் சேஸிஸ் நம்பர் கொடுத்து வரவழைத்து, ஆன்லைனில் கோடிங் போட வேண்டும் (அதாவது இந்த வண்டியின் டேட்டாவை அதில் எழுத வேண்டும்), லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதற்குள் இருக்கிற மோட்டாரோ பொம்மை மோட்டார் சைஸ். தினமும் மோட்டார் பிரிக்கிறவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஒரு நாள் தட்டினதில் லாக் திறந்தது. சாவியை எடுக்காமல் அப்படியே பேட்டரியைக் கழற்றிவிட்டேன். சாவியை எடுத்தால்தான் அந்தப் பின் மறுபடி தண்டில் இறங்கும், கரண்டு இல்லை என்றால் இறங்காது. அந்தப் பின் லாக்குக்குள்ளேயே இழுபட்டு இருந்ததால் லாக்கைத் தண்டிலிருந்து சுலபமாக எடுக்க முடிந்தது. பூட்டின நிலையில் நின்றுபோனவர்கள் உலோகத்தை அறுத்து எடுக்கிற பாடு தனி. பிரித்துப் பார்த்தால் நினைத்த மாதிரியே கம்யூட்டேட்டர் கரிக்கட்டை. புது மோட்டார் வாங்கிப் போட்டேன். பெஞ்சில் வைத்துச் சப்ளை கொடுத்தால் அருமையாக ஓடுகிறது. வண்டியில் மாட்டினால் அசைவே இல்லை. பழைய மோட்டார் திக்கித் திக்கி நின்றதையெல்லாம் லாக்கில் இருக்கும் போர்டு பிழையாக எழுதிவைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் தன்னைத்தானே அடைத்துக்கொண்டதாம். எங்கள் தெருவில் கார் எலக்ட்ரிக்கல் பார்க்கிற தம்பி, வண்டியின் பிழைகளைப் படித்துக் காட்டுகிற ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, சுவிட்ச் நல்லாத்தானுங் இருக்குது, சாவியைப் படிக்குது. லாக்குதான் பேச மாட்டேங்குது. எமுலேட்டர் போட்டாப் போதுமுங்.” அந்த ஸ்கேனர் திரையை அவன் போட்டோவும் எடுத்தான். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் வரும்.

எமுலேட்டர் என்றால் லாக்குக்குப் பதிலாக அதே கனெக்டரில் மாட்டுகிற சின்னப் பெட்டி. சுவிட்ச் கேட்டால் திறந்தாச்சு என்று பொய்யாகப் பதில் சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. அதன்பிறகு ஸ்டீயரிங் பூட்டாது, ஆனால் வண்டி ஓடும். உங்கள் வண்டிச் சுவிட்சின் டேட்டாவை அதில் எழுதினால்தான் இரண்டும் ஒத்துப்போகும்.

இங்கேதான் அந்தத் தளம் வருகிறது. கார் உதிரிபாகங்கள் மட்டும் விற்கிற ஆன்லைன் தளம். பெயரை எழுதினால் கேஸ் போடுவோம் என்கிறார்கள், அதனால் எழுதவில்லை. அதில் ஒரு விற்பனையாளர், கோடிங்கோடு சேர்த்து 18,500 ரூபாய் என்று போட்டிருந்தார். ஏழு நாள் ரிட்டர்ன், நல்ல ஸ்டார், கீழே வரிசையாகப் பாராட்டு. முகவரி டெல்லி. கார் சாமான் நிறைய அங்கே கரோல் பாக்கிலிருந்தும் காஷ்மீரி கேட்டிலிருந்தும் வருகிறதுதானே, அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன்.

எடுத்தவன் தமிழ் பேசினான். சும்மா தமிழ் இல்லை. “ஏனுங்ணா, வணக்கமுங். நீங்க எந்தூருங்?” கோயம்புத்தூர் என்றதும், “அட, நானும் நம்மூருதானுங்ணா, கோபிப் பக்கம். பொழைக்க வந்து இங்க கெடக்கறேன்” என்றான். என் தொழிலைக் கேட்டான். ரீவைண்டிங் என்றதும், “அப்புறம் உங்களுக்கு நான் என்னத்தைங்ணா சொல்றது, உங்களுக்கே தெரியுமுங்” என்றான். எங்கள் அப்பாவுக்கு முட்டி வலி என்று பேச்சுவாக்கில் சொன்னதற்கு இரண்டு நிமிசம் வைத்தியம் சொன்னான். “பொட்டி வந்ததும் மாட்டிப் பாருங், ஒண்ணுமில்லீன்னா என்ற பேரைச் சொல்லித் திருப்பி அனுப்பிப்போடுங்” என்றான். வெளியூரில் நம்ம பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? அன்றைக்கே 18,500 ரூபாயைத் தளத்திலேயே கட்டினேன். தனியாக யாருக்கும் ஜிபே பண்ணவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புகார் கொடுக்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

பெட்டி வந்தது. மாட்டினேன். ஒன்றும் இல்லை. கூப்பிட்டேன். “கோடிங் பண்ணாம எப்படிங்ணா ஓடும்? நம்ம டெக்னீஷியன் லைனுக்கு வருவாருங்.” அடுத்த நாள் சர்வர் டவுன். அதற்கடுத்து டெக்னீஷியன் சபரிமலைக்குப் போயிருக்கிறார். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் மாலை போட்டிருக்கிறாராம்! அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். இப்படியே ஏழு நாள் கழிந்தது. எட்டாம் நாள் அவனாகவே கூப்பிட்டான்: “அண்ணா, உங்க இக்னிஷன் சுவிட்சு, ரெண்டு சாவி, நம்ம பொட்டி, ஆர்சி புக் காப்பி நாலையும் அனுப்பிச்சுருங். பெஞ்சுல வெச்சு எழுதி ரெண்டே நாள்ல திருப்பிப்போடறேன்.” எல்லாக் கோடிங் கடையிலும் சுவிட்சும் சாவியும் கேட்பார்கள், அது தொழில்முறையில் சரியான பேச்சுதான். தம்பியின் ஸ்கேனரால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். கூரியரில் இன்சூரன்ஸ் போட்டு அனுப்பினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரி கேட்டாள்: “ஏனுங்க, சாவியுமா அனுப்பிச்சுட்டீங்க? ரெண்டையுமா?”

பார்சல் போய்ச் சேர்ந்ததாக கூரியர் மெசேஜ் வந்த நாளிலிருந்து அந்தக் கோபிக்காரன் போனை எடுக்கவில்லை. வேறொருவன் இந்தியில் பேச ஆரம்பித்தான். அந்தத் தமிழ்ப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். வேலை நடக்கிறது, நடக்கிறது, நடக்கிறது. அப்புறம் வாட்ஸப்பில் ஒரு குண்டு: உங்கள் சுவிட்ச் இறந்த நிலையில்தான் வந்தது, வேறு சுவிட்ச் போட 32,000 ஆகும். நான் ஸ்கேனர் போட்டோவை அனுப்பினேன். நல்லா இருந்த சுவிட்ச், சாவியைப் படித்த சுவிட்ச், தேதியோடு போட்டோ இருக்கிறது. பதில்: “கூரியரில் அடிபட்டிருக்கலாம்.” கூரியர்காரரைக் கேட்டால், பார்சல் நல்லபடியாக வந்தது என்று அவர்களே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கூடுதல் பணம் தர முடியாது, என் சாமானைத் திருப்பி அனுப்பு, 18,500 ரூபாயையும் திருப்பிக் கொடு என்றேன். சாமான் வந்தது. சுவிட்சின் பிளாஸ்டிக் கூடு ஸ்குரூடிரைவரால் நெம்பின தடத்தோடு. சாவி ஒன்றுதான். எமுலேட்டர் இல்லவே இல்லை. தம்பி மறுபடி ஸ்கேனர் மாட்டினான். போன தடவை சாவியைப் படித்த அதே சுவிட்ச் இப்போது சாவியைத் தெரியாது என்கிறது. ஆகமொத்தம் 18,500 ரூபாய்க்கு என் கையில் இருப்பது ஒரு பில். முன்னால் லாக் மட்டும் போயிருந்த வண்டிக்கு இப்போது சுவிட்சும் வேண்டும்.

தளத்துக்காரர்கள் இதைவிட மேல். முதலில் பேசுவது மனுசனே இல்லை, சாட் பெட்டி. “உங்கள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது” என்பதையே விதவிதமாகச் சொல்லும். கஷ்டப்பட்டு ஒரு ஆளைப் பிடித்தேன். கோடிங் என்பது சேவை, நாங்கள் பொருளுக்கு மட்டும்தான் பொறுப்பு என்றார். பொருள் எங்கே என்று கேட்டேன். நீங்கள்தானே விற்பனையாளருக்கு அனுப்பினீர்கள் என்றார். கோடிங்கோடு சேர்த்து என்று உங்கள் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே என்றேன். மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்றார். நேற்று ராத்திரி மேலிடத்துப் பதில் வந்தது. “இந்தப் புகார் தீர்க்கப்பட்டதாக மூடப்படுகிறது.” நான் எழுதின ரிவ்யூவையும் காணோம்.

இன்று காலை நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிந்துவிட்டேன். சாவி காணாமல் போனதற்கு ஸ்டேஷனில் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணத்தைவிட அதுதான் உறுத்துகிறது, என் வண்டிச் சாவியும் ஆர்சி காப்பியும் எவனோ ஒருவன் மேசையில் கிடக்கிறது. 2020 ஈ-காமர்ஸ் விதிப்படி தளத்துக்காரர் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரிக்கும் மெயில் போயிருக்கிறது. அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது.

எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். லாக் எப்போதாவது திக்குகிறபோதே மோட்டாரை மாற்றிவிடுங்கள், முழுசாக அடைத்துக்கொள்ளும் வரை தட்டித் தட்டி ஓட்டாதீர்கள். சுவிட்சையும் சாவியையும் கண்ணுக்கு மறைவாக அனுப்பாதீர்கள், கோடிங் போடுகிற ஆள் உள்ளூரில் இருந்தால் பக்கத்திலேயே நின்று வாங்குங்கள். கழற்றுவதற்கு முன்னால் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் வேலை செய்யவில்லையா, எவன் என்ன சொன்னாலும் ரிட்டர்ன் பட்டனை அமுக்குங்கள், நாள் கடத்துவதுதான் அவர்கள் தொழில். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

ஒரு விசயம் விட்டுப்போச்சு. இதை எழுதுவதற்கு முன்னால் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே பெட்டி, அதே படம், அதே விற்பனையாளர். விலையை 17,999 ஆக்கியிருக்கிறார்கள். ஸ்டாக்கில் ஒன்றுதான் இருக்கிறதாம். அது என்னுடையதாகத்தான் இருக்கும்.