கொனோரியாவுக்கு எந்த டெஸ்ட்: ஸ்மியரா, கல்ச்சரா, பிசிஆரா?

"அண்ணன் யாரும் இல்லையாக்கா?" கொனோரியாவுக்கு டெஸ்ட் எடுக்க வருகிற ஆண்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன லேபில் 12 வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டுகிறவர், ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிற தம்பி, புதிதாகக் கல்யாணமானவர் என்று யாராக இருந்தாலும் எங்களிடம் வருவதற்குள் சூடு என்று நினைத்து இளநீரும் வெந்தயமும் குடித்திருப்பார்கள், பாதிப்பேர் மெடிக்கலில் சொல்லி ஏதோ மாத்திரையும் போட்டிருப்பார்கள். உடலுறவில் தொற்றிச் சீழ் வடிய வைக்கிற நோய் இது, ஊரில் வெட்டை, மேகவெட்டை என்று சொல்வது இதைத்தான். சரி, இதற்கு எந்த டெஸ்ட்டை எங்கள் லேபில் வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று போன வருடம் முடிவெடுக்க வேண்டி வந்தது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரத்தத்தில் பார்க்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. எச்ஐவி, சிபிலிஸ் இரண்டையும் ரத்தத்தில் கூடவே பார்த்துக்கொள்வது நல்லது, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். கொனோரியா கிருமி மட்டும் சீழிலோ சிறுநீரிலோ சளிச்சவ்விலோதான் கிடைக்கும்.

முதலில் ஸ்மியர். சீழை ஸ்லைடில் தடவி, தீயில் லேசாகக் காட்டி, கிராம் சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு 100 லென்ஸில் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் சீழ் செல்லுக்குள்ளே இளஞ்சிவப்பாக ஜோடி ஜோடியாகத் தெரியும், இரண்டு மொச்சைக் கொட்டையை உள்பக்கம் பார்த்தபடி சேர்த்து வைத்த மாதிரி. சீழ் வடிகிற ஆணுக்கு இது 100-ல் 95 பேருக்கு மேல் பிடித்துவிடும், அரை மணி நேரத்தில் பதில், செலவும் குறைவு. இதை விடுவதற்குக் காரணமே இல்லை, வைத்துக்கொண்டோம். ஆனால் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த ஸ்மியரில் ஏறக்குறைய பாதி தவறிப்போகும். தொந்தரவே இல்லாத ஆணுக்கும் நம்ப முடியாது.

அடுத்தது கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. புத்தகத்தில் இதற்குத்தான் பெரிய மரியாதை, ஏனென்றால் உயிரோடு கிருமி வளர்ந்தால்தான் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க முடியும். 1976-லேயே பென்சிலினை உடைக்கிற வகைகள் வந்துவிட்டன, இன்று சிப்ரோஃப்ளாக்சசினும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கிருமி மாதிரி ஒரு தொட்டாற்சுருங்கியைப் பார்க்க முடியாது. காய்ந்தால் சாகும், குளிர்ந்தால் சாகும். சாக்லேட் அகார் (சூடாக்கிய ரத்தம் கலந்து செய்கிற, கிருமி வளர்க்கிற தட்டு) வேண்டும், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும், உடம்புச் சூடு வேண்டும். எங்களிடம் அந்த வசதி இல்லை, அதனால் 90 கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு தடவை ஸ்மியரை நானே பார்த்தேன், லென்ஸில் தெரிகிற வட்டம் முழுக்க ஜோடிக் கொட்டைகள், சந்தேகமே இல்லை. அதே ஆளிடம் பஞ்சுக் குச்சியில் எடுத்த ஸ்வாபை அனுப்பினேன், நாலு நாள் கழித்து "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட். விசாரித்தால், மாதிரி எடுத்துப் போகிற பையன் ரத்தக் குழாய்களோடு சேர்த்து அதையும் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறான். ரத்தம் கெடக் கூடாது என்று ஐஸ் வைக்கிறோம், அதே ஐஸ் இதைக் கொன்றுவிட்டது. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டியது நான்தான். அப்புறம் கரித்தூள் கலந்த டிரான்ஸ்போர்ட் மீடியத்தில் ஐஸ் இல்லாமல் அனுப்பிப் பார்த்தோம். ஆனால் சாயங்காலம் எடுத்தது ராத்திரி முழுக்க வழியில் கிடந்து காலையில்தான் தட்டுக்குப் போகிறது. நெகடிவ் வந்தால் நோய் இல்லையா, வழியில் செத்ததா என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஜனங்களிடம் எப்படிக் காசு வாங்குவது?

அதனால்தான் பிசிஆர் பக்கம் சாய்ந்தேன். இதற்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை, அதன் மரபணு இருந்தால் போதும். அதற்கான குழாயில் ஊற்றிவிட்டால் பெங்களூர் வரை தாங்கும், ஐஸும் பிரச்சினையில்லை. ஆணுக்குச் சிறுநீரே போதும், குச்சி விட வேண்டியதில்லை என்றதும் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். பெண்கள் பாத்ரூமில் தாங்களே ஸ்வாப் எடுத்துத் தரலாம், அவர்களிடம் சிறுநீரைவிட அதில்தான் கிருமி நன்றாக அகப்படும். உடலுறவில் பரவுகிற இன்னொரு கிருமியான கிளமிடியாவையும் அதே மாதிரியில் பார்த்துவிடலாம், ஸ்மியரில் அது தெரியவே தெரியாது. ஒரே ஒரு விஷயம்: சாதாரண யூரின் கல்ச்சருக்கு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வோம், இதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருந்து, கழுவாமல், முதலில் வருகிற 20, 30 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். பழக்க தோஷத்தில் நடுவில் பிடித்துத் தருகிறவர்கள் நிறைய, ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. விலை ஸ்மியரைப்போலப் பல மடங்கு. செத்த கிருமியின் மரபணுவையும் காட்டும் என்பதால் மருந்து போட்ட மறு வாரமே வந்து டெஸ்ட் எடுத்து, பாசிட்டிவ் என்று பயந்துவிடக் கூடாது, 3 வாரமாவது போகட்டும். எந்த மருந்து கேட்கும் என்பதையும் இது சொல்லாது. தொண்டை ஸ்வாப் நான் எடுத்ததே கைவிரலில் எண்ணலாம், ஆனால் அங்கே இதே இனத்தைச் சேர்ந்த, சாதுவான நைசீரியாக்களும் குடியிருப்பதால் ஸ்மியரை நம்பக் கூடாது என்பது மட்டும் உறுதி.

காசில்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கிற சுகவாழ்வு மையத்துக்குப் போகலாம். அறிகுறியை வைத்தே அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம் என்று சாம்பல் நிறப் பொட்டலம் கொடுப்பது அங்கே வெகுகாலமாக உள்ள முறை. சீழோடு வருகிறவருக்கு அது பெரிய உதவி. அறிகுறியே இல்லாத பெண்ணுக்குத்தான் அதில் வழியில்லை, குழந்தை நிற்காமல் போகிற வரை தெரியாமலே இருந்துவிடும்.

இந்த மாங்காய் சீசனில் ஒருவர் வந்தார். இரண்டு தடவை மாத்திரை போட்டும் நிற்கவில்லை, ஸ்மியரில் கிருமி அப்படியே இருந்தது. இப்படிப்பட்டவருக்குக் கல்ச்சர்தான் வேண்டும், ஆனால் "ஸ்வாபை நாங்கள் அனுப்ப மாட்டோம், நீங்களே பஸ் ஏறிப் போய் அங்கேயே எடுங்கள்" என்று சொன்னோம். போனார். எடுத்த இடத்திலேயே தட்டில் தேய்த்தார்கள், இரண்டே நாளில் வளர்ந்தது. சிப்ரோ கேட்கவில்லை, செஃப்ட்ரியாக்சோன் ஊசி கேட்டது. அவர் மனைவியையும் வரச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே இல்லைங்க மேடம்" என்றபடிதான் அந்தம்மா ஸ்வாப் எடுத்துக் கொடுத்தார். பிசிஆர் பாசிட்டிவ். டாக்டர் இருவருக்கும் ஒரே நாளில் ஊசி போட்டார்.