சென்னை மொட்டை மாடியிலிருந்து ரோசெட் நெபுலா: கலர் கேமராவா, மோனோவா?

திருவாதிரை நட்சத்திரத்திலிருந்து புரோசியான் நட்சத்திரத்துக்கு மனதில் ஒரு கோடு போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் போனால் ரோசெட் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் இருக்கும் இடம் வரும். அதன் நடுவே என்ஜிசி 2244 நட்சத்திரக் கொத்து. சென்னைக்கு இது தோதான இலக்கு. வானில் அதன் இடம் வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) 5 பாகை வடக்கே, நகரமோ 13 பாகை வட அட்சரேகையில். அதனால் உச்சியைக் கடக்கும்போது 82 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். தூசும் விளக்கொளியும் அங்கேதான் குறைவு. ஜனவரி நடுவில் இரவு 11 மணி வாக்கிலும் பிப்ரவரி நடுவில் 9 மணி வாக்கிலும் உச்சிக்கு வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிவதும் அப்போதுதான். ஆக, கையில் இருப்பது இரண்டு மாதம். அதில் நிலவையும் போகிப் புகையையும் கழித்துவிடுங்கள்.

நெபுலாவின் குறுக்களவு சுமார் 1.3 பாகை. முழு நிலவைப் போல இரண்டரை மடங்கு. 72 மி.மீ. எஃப் 6 ரிஃப்ராக்டரில் (லென்ஸ் வகைத் தொலைநோக்கி; குவியத்தூரம் விட்டத்தைப் போல 6 மடங்கு) 0.8 ரெடியூசர் (குவியத்தூரத்தைக் குறைக்கும் லென்ஸ்) போட்டால் குவியத்தூரம் 346 மி.மீ. ஆகும். 11.3 மி.மீ. சதுரமான ஐஎம்எக்ஸ்533 சென்சாரில் அப்போது 1.9 பாகை அடங்கும். இதே சென்சார் கலரிலும் (பிக்சல்கள் மேலேயே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி ஒட்டியது) மோனோவிலும் (அந்த வடிகட்டி இல்லாத கறுப்பு-வெள்ளை) கிடைப்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க வசதி. கலர் பக்கம், நெபுலாவின் வாயு வெளியிடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா, ஆக்சிஜன்-3 என்ற இரண்டு நிற ஒளிகளை மட்டும் ஒரே நேரத்தில் விடும் டூயல்பேண்ட் ஃபில்டர் ஒன்று. மோனோ பக்கம் ஃபில்டர்களைச் சுற்றி மாற்றும் ஃபில்டர் சக்கரம், அதில் தனித்தனியே ஹைட்ரஜன்-ஆல்ஃபா, ஆக்சிஜன்-3, கூடவே சிவப்பு, பச்சை, நீலம்.

ஒளிக் கணக்கு

மோனோதான் உசத்தி என்று பொதுவாகச் சொல்வார்கள். ரோசெட் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் விழும் சிவப்பு ஒளி. கலர் சென்சாரில் நான்கில் ஒரு பிக்சலுக்குத்தான் சிவப்புக் கண். அதனால் 4 மணி நேரம் எடுத்தாலும் ஆல்ஃபாவில் கிடைப்பது மோனோவின் 1 மணி நேரச் சரக்கு. மோனோக்காரர் அதே 4 மணி நேரத்தை 2 ஆல்ஃபா, 2 ஆக்சிஜன் என்று பிரித்தால் ஆல்ஃபாவில் இரு மடங்கு முன்னே நிற்கிறார்.

ஆக்சிஜன்-3க்கு வந்தால் கதை மாறுகிறது. 500.7 நானோமீட்டர் ஒளியைப் பச்சைப் பிக்சல் நன்றாகவும் நீலப் பிக்சல் ஓரளவும் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து சென்சாரில் முக்கால் பங்கு. தோராயமாகப் பார்த்தால் கலரின் 4 மணி நேரம் மோனோவின் 2 மணி நேரத்துக்குச் சமமாகிவிடுகிறது. ரோசெட்டில் ஆல்ஃபா அள்ளிக் கொட்டும், பஞ்சம் ஆக்சிஜனுக்குத்தான். பஞ்சம் இருக்கும் இடத்தில் மோனோவுக்கு அனுகூலம் இல்லை, வளம் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

கேமராவை விடப் படத்தை அதிகம் மாற்றுவது ஃபில்டரின் பட்டை அகலம், அதாவது அது விடும் அலைநீள இடைவெளி. தெருவெங்கும் வெள்ளை எல்ஈடி வந்தபின் ஆக்சிஜன் பட்டையிலும் வெளிச்சம் புகுந்துவிட்டது. 7 நானோமீட்டரிலிருந்து 3க்கு இறங்கினால் பின்னணி வெளிச்சம் பாதிக்கும் கீழே போகும். 7 நானோமீட்டர் ஃபில்டரில் அதே தரத்தை எட்ட இரண்டே கால் மடங்குக்கும் சற்று அதிகமான நேரம் வேண்டும். விலை குறைந்த ஃபில்டர்களில் இன்னொரு தொல்லை: ஆக்சிஜன் பக்கம் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி வளையம் விழும். கொத்தே நடுவில் உட்கார்ந்திருக்கும் இலக்கில் அதை மறைக்க வழியில்லை.

மோனோ ஜெயிக்கும் இரவுகள்

மார்கழித் திருவாதிரை அன்று முழு நிலவு திருவாதிரையை ஒட்டியே இருக்கும், அதாவது ரோசெட்டுக்கும் பக்கத்திலேயே. தைப்பூசத்தில் கொஞ்சம் தள்ளியிருக்கும், அவ்வளவுதான். நிலவொளி நீல, பச்சைப் பக்கத்தை அதிகம் கெடுக்கும், ஆல்ஃபாவைக் குறைவாகவே தொடும். மோனோவில் அந்த வாரம் ஆல்ஃபாவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆக்சிஜனை அமாவாசைப் பக்கம் ஒதுக்கலாம். டூயல்பேண்டில் அப்படிப் பிரிக்க முடியாது. நல்ல ஆல்ஃபாவோடு கெட்ட ஆக்சிஜனும் சேர்ந்தே வரும். திருவாதிரை அன்று கலர் கேமராக்காரர் களி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

ஆனால் படம் எடுக்கும்போது இடையில் மேகம் வந்தால் நிலைமை தலைகீழ். 10 மணிக்கு வானம் மூடினால் கலரில் இருக்கிற வரைக்கும் ஒரு முழுப் படம் தேறும். மோனோவில் ஆல்ஃபா மட்டும் கையில் நிற்கும். இதற்கு வழி, இலக்கு உயரே இருக்கும் இரண்டு மணி நேரத்தை ஆக்சிஜனுக்கும் முன்னும் பின்னும் உள்ள நேரத்தை ஆல்ஃபாவுக்கும் கொடுப்பது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மாடிகளில் கிழக்கு வானம் கடல் பக்கம், மேற்கை விட இருட்டு. அங்கே உச்சிக்கு முந்தைய நேரத்தை வீணாக்கக் கூடாது.

கொத்தின் நிறம்

நாரோபேண்டில், அதாவது இந்தக் குறுகிய பட்டை ஃபில்டர்களில், எடுத்த நட்சத்திரங்களுக்கு உண்மையான நிறம் கிடையாது. நெபுலாவை ஒளிர வைப்பவை ஹெச்டி 46223, ஹெச்டி 46150 போன்ற நீலவெள்ளை ஓ வகைச் சூரியன்கள். அவற்றின் நடுவே மஞ்சளாகத் தெரியும் 12 மோனோசெரோட்டிஸ் என்ற நட்சத்திரம் கொத்தைச் சேர்ந்ததே அல்ல, நமக்கும் கொத்துக்கும் இடையில் நிற்கும் வழிப்போக்கன். இந்த வேறுபாடு படத்தில் தெரிய வேண்டுமானால் நட்சத்திரங்களைத் தனியே எடுத்தாக வேண்டும். கெயின் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு) 0 வைத்து, 5 விநாடியில் ஒரு செட், மங்கலான நட்சத்திரங்களுக்கு 20 விநாடியில் ஒரு செட், ஒவ்வொன்றிலும் 60 படம். 5 விநாடிக்கு மேல் போனால் 12 மோனோசெரோட்டிஸ் வெளுத்துவிடும். நெபுலாவுக்கான படங்கள் கெயின் 100ல் 300 விநாடி.

சக்கரம் சுற்றினால் போதும் என்பதால் இந்த வேலை மோனோவில் சுலபம். கலரில் டூயல்பேண்டைக் கழற்றி யூவி-ஐஆர் கட் (புற ஊதா, அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் ஃபில்டர்) போட வேண்டும். கழற்றும் முன் ஃப்ளாட் (தூசு நிழலை நீக்கச் சமமான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுக்க மறந்தால் தூசிப் புள்ளிகள் இடம் மாறி, பழைய படங்களுக்கு ஃப்ளாட் பொருந்தாது. ஃபில்டரை இழுத்து மாற்றும் டிராயர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பிறகு இலவச சிரில் மென்பொருளில் டூயல்பேண்ட் படத்திலிருந்து ஆல்ஃபாவையும் ஆக்சிஜனையும் தனியே பிரிக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஸ்டார்நெட் மென்பொருளில் நட்சத்திரங்களை நீக்கி, தனியே எடுத்தவற்றை மேலே வைத்துவிடலாம்.

மாடியில் வரும் சிக்கல்

தொலைநோக்கியைச் சுமந்து வானோடு சுழலும் மவுன்டின் அச்சை வட துருவத்துக்கு நேராக வைக்க வேண்டும்; அதற்கு அடையாளமான துருவ நட்சத்திரம் சென்னையில் 13 பாகை உயரத்தில்தான். பக்கத்து அடுக்குமாடி அதை மறைத்திருக்கும். என்ஐஎன்ஏ மென்பொருளின் மூன்று புள்ளி முறை வானத்தின் எந்தப் பகுதியை வைத்தும் அச்சைச் சரிசெய்யும், அதனால் இது பெரிய கவலை இல்லை. கவலை மவுன்டில்: சிலவற்றின் உயரத் திருகு 15 பாகைக்குக் கீழே இறங்காது. வடக்குக் காலைச் சற்றுத் தாழ்த்தினால் சமாளிக்கலாம். அச்சு இவ்வளவு படுத்திருப்பதால், எடைக்கல் தாங்கும் தண்டு நேராகக் கீழே தொங்கி வடக்குக் காலில் இடிக்கும். டிரைபாடுக்கும் மவுன்டுக்கும் நடுவே ஒரு நீட்டிப்புக் குழாய் போடுவதோ, எடைக்கல்லே தேவைப்படாத ஹார்மோனிக் மவுன்ட் வாங்குவதோதான் தீர்வு.

இலக்கு தலைக்கு மேலே வரும்போது தொலைநோக்கிக் குழாயின் கேமரா பொருத்திய வால் நேர் கீழே தொங்கும். ஃபில்டர் சக்கரமும் சேர்ந்தால் வாலின் எடையும் அகலமும் கூடும். டிரைபாடில் மோதுவது பெரும்பாலும் அப்போதுதான். கலர் கேமராவின் வால் சிறியது. மோனோ வாங்க நினைப்பவர் முதலில் ஒல்லியான இரும்புத் தூண் ஒன்றை, தளத்தின் நடுவில் அல்லாமல் கீழே பீம் ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். நடுத் தளம் ஆள் நடந்தாலே அதிரும். லிஃப்ட் மோட்டாரும் தண்ணீர் மோட்டாரும் கைடிங் (மவுன்ட் நட்சத்திரத்தைப் பின்தொடர்வதைத் திருத்தும் முறை) வரைபடத்தில் அப்படியே தெரியும். தினமும் தூக்கிக்கொண்டு மாடியேறுகிற நிலைமை என்றால் மோனோவை மறந்துவிடலாம். ஃபில்டருக்கு ஃபில்டர் ஃபோகஸ், ஃபில்டருக்கு ஃபில்டர் ஃப்ளாட் என்று இரண்டு மாதத்தில் அலுத்துவிடும்.

குளிரூட்டலில் இரண்டும் ஒன்றே. ஜனவரியில் மைனஸ் 5 வைத்தால் மார்ச்சிலும் தாக்குப்பிடிக்கும், டார்க் படங்களை (சென்சார் இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுப்பவை) ஒரே தடவை எடுத்தால் போதும். லென்ஸ் முகப்பில் பனி ஹீட்டர் பட்டை கட்டாயம். மார்கழி ஈரத்தில் அரை மணி நேரத்தில் கண்ணாடி மூடிக்கொள்ளும்.

மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆர் இந்தப் போட்டியில் இல்லை. அதன் உள் ஃபில்டர் ஆல்ஃபாவில் பெரும்பங்கை வெட்டிவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் காரில் போனால் எந்தக் கேமராவிலும் நல்ல படம் வரும், ஆனால் அது வீட்டு வானாய்வகம் ஆகாது. உருளும் கூரை போடுபவர்கள் மட்டும் 2016 டிசம்பரில் வர்தா புயல் மாடிகளை என்ன செய்தது என்பதை நினைத்துக்கொண்டு தாழ்ப்பாள் போடட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேமராவும் குழாயும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள் இருக்கட்டும். தூண் மட்டும் மழையில் நனையலாம்.